அம்போனில் நான் பதிவு செய்த 27 பேர், அழித்த 9 பதிவுகள்

2023 ஜூன் மாதம் அம்போன் தீவில் இறங்கியபோது என் பையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மைக், ஒரு கட்டு ஒப்புதல் தாள், அப்புறம் பல்கலைக்கழகம் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தன. நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். முதுகலை ஆய்வுக்காக, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் 1999 முதல் 2002 வரை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் உயிர் தப்பியவர்களின் சாட்சியத்தைப் பதிவு செய்யப் போனேன். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை இரண்டு பயணமாக ஏழு மாதம் இழுத்தது. 27 பேரைப் பதிவு செய்தேன், அதில் 9 பதிவுகளை என் கையாலேயே அழித்தேன். மொத்தச் செலவு ஏறக்குறைய 19,000 ரிங்கிட், அதில் குறைந்தது ஆறாயிரம் தெரியாமல் செய்த தவறுகளுக்குப் போனது. பணம் போனால் போகட்டும். என் கவனக்குறைவால் ஒரு அக்கா தன் சொந்தச் சந்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் பல வாரங்கள் இருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு பிசைகிறது. அங்கே போகிறவர்களோ, வேறு எங்காவது இதே மாதிரி வேலைக்குப் போகிறவர்களோ இதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999 ஜனவரி 19, நோன்புப் பெருநாள் அன்று, அம்போன் நகரின் பத்து மேரா பகுதியில் ஒரு வேன் ஓட்டுநருக்கும் ஒரு இளைஞனுக்கும் தகராறு. ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் முஸ்லிம். அன்று இருட்டுவதற்குள் வீடுகள் எரிந்தன, அப்புறம் மூன்று வருடம் நிற்கவில்லை. 1999 டிசம்பர் 26 அன்று நகரின் நடுவில் இருந்த சிலோ தேவாலயம் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் வடக்கே ஹல்மஹேராவின் தோபெலோவில் நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 2000 மே மாதம் ஜாவாவிலிருந்து லஸ்கர் ஜிஹாத் என்ற முஸ்லிம் ஆயுதக் குழுவின் ஆட்கள் வந்து இறங்கிய பிறகு நிலைமை இன்னும் முற்றியது. மொத்தம் 5,000 பேர் வரை இறந்ததாகச் சொல்வார்கள், வீடு இழந்து ஓடியவர்கள் பல லட்சம். 2002 பிப்ரவரி 12 அன்று இரண்டு பக்கத்துக்கும் இடையே மாலினோ சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. நடந்ததை விசாரிக்க ஒரு தேசியக் குழு அமைக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் 11 அம்சங்களில் ஒன்று. குழு அமைத்தார்கள், ஆனால் அதன் அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் அங்கே உள்ளவர்களைப் புரிந்துகொள்ள முடியும். ஒரு தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஏக்கமும், சொன்னது எங்கே போகும் என்ற பயமும் ஒரே ஆளிடம் இருக்கும்.

முதல் தவறு, அங்கே போக நான் தேர்ந்தெடுத்த மாதம். ஆய்வு அனுமதியைப் பிரின் என்கிற அரசு ஆய்வு அமைப்பிடம் வாங்க வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுப்பது சட்டப்படி தவறு. அனுமதி கைக்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. வந்ததும் அவசரமாக டிக்கெட் போட்டுவிட்டேன். அம்போனில் ஜூன், ஜூலைதான் கொட்டும் மழைக்காலம் என்று பார்க்கவே இல்லை. பினாங்கு வானிலையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டேன். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தகரக் கூரை. மழை அடித்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதே காதில் விழாது, மைக்கில் எங்கே விழும்? முதல் இரண்டு வாரத்தில் எடுத்த ஐந்து பதிவுகளில் மூன்று வெறும் இரைச்சல். அந்த மூன்று பேரிடமும் போய் மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, தன் தம்பி செத்த கதையை ஒருவர் எத்தனை தடவை சொல்வார்? அதனால் முதல் நாள் பதிவுக்கருவியே எடுக்காமல் போய் உட்கார்ந்து, கூரையைப் பாருங்கள், தெருச் சத்தத்தைக் கேளுங்கள், எந்த அறையில் பேசினால் வெளியே கேட்காது என்று பாருங்கள். மழையைவிட முக்கியம் அந்தக் கடைசி விஷயம். பலகைச் சுவர் வீட்டில் பேசுவது பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரிதான்.

அப்புறம் மொழி. அம்போனில் பேசுவதும் ஒரு வகை மலாய்தான். எனக்கு மலாய் தாய்மொழி மாதிரி, பள்ளிக்கூடம் முழுக்க அதில்தான் படித்தேன், அதனால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட்டேன். விமான நிலையத்திலிருந்து வந்த வண்டியில் ஓட்டுநர் தன்னைப் 'பேத்தா' என்று சொன்னபோதே எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். எங்கள் நாட்டில் சுல்தான் மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. அம்போனில் மீன் விற்பவரும் பேத்தாதான். இது பரவாயில்லை. என் ஒப்புதல் தாளில், பதிவின் நகல் உங்களுக்கு இலவசமாகத் தரப்படும் என்பதற்குப் 'பர்ச்சுமா' என்று எழுதியிருந்தேன். அங்கே அந்தச் சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் வீண், பிரயோஜனமில்லை. கையெழுத்துப் போடும் தாளிலேயே இது வீண் என்று எழுதி நீட்டியிருக்கிறேன். அதைவிட மோசம், ஒரு பெரியவரிடம் வீடு எரிந்த அன்று உள்ளே எத்தனை 'புடாக்' இருந்தார்கள் என்று கேட்டேன். எங்களுக்கு அது சிறுபிள்ளை. அவருக்கு அது அடிமை. அவருடைய இரண்டு பேரக்குழந்தைகள் அன்று உள்ளே இருந்தவர்கள். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தவறு புரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார், ஆனால் அன்றைக்கு மேலே பேசவில்லை. கேள்விகளையும் ஒப்புதல் தாளையும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லி, எங்கே அவர் தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் யார் வீட்டுக்கும் போக வேண்டும். அதற்கு எனக்கு ஆன செலவு 200,000 ரூபியா, ஏறக்குறைய அறுபது ரிங்கிட்தான். முதல் நாளே செய்திருக்கலாம்.

சாட்சியம் என்ற சொல்லே ஒரு சிக்கல். 'கெசாக்சியான்' பதிவு செய்ய வந்திருக்கிறேன் என்றுதான் எல்லாரிடமும் அறிமுகம் செய்துகொண்டேன். கிறிஸ்தவ வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று கர்த்தர் எனக்குச் செய்த நன்மை என்று சொல்வார்களே, அதுதான் பொருள். ஒரு ஓமா (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நாற்பது நிமிடம் தடையில்லாமல் பேசினார். ஆரம்பத்தில் ஜெபம், நடுவில் சங்கீதம், கடைசியில் நன்றி. பல தடவை சபையில் சொல்லிச் சொல்லி மெருகேறிய பேச்சு. அது பொய்யில்லை. ஆனால் அவர் கணவர் எங்கே, எப்படிக் காணாமல் போனார் என்பது அதில் இல்லை. முஸ்லிம் வீடுகளிலோ 'சாக்சி' என்றதும் நீதிமன்றம், போலீஸ் என்றுதான் எண்ணம் ஓடியது, ஒருவர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். ஆறாவது ஆளுக்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'செரித்தா', கதை, என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். "உங்கள் கதையைக் கேட்க வந்தேன்" என்றால் இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த ஓமாவிடமும் இரண்டு மாதம் கழித்துப் போய், கருவி இல்லாமல், சாகோ கூழ் கிண்டுவதற்குக் கூடமாட உதவிக்கொண்டே கேட்டேன். கணவருடைய செருப்பு மட்டும் கிடைத்ததைச் சொன்னார். அதைப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அது என் ஆய்வில் இல்லை.

நான் இந்து, இரண்டு பக்கமும் இல்லை, ஆகவே எனக்குச் சுலபம் என்று என் மேற்பார்வையாளரே சொன்னார். நானும் நம்பினேன். ஆனால் அங்கே நீங்கள் எந்த மதம் என்பதைவிட எங்கே தூங்குகிறீர்கள், யார் வண்டியில் வந்து இறங்குகிறீர்கள் என்பதுதான் பேசும். கலவரத்துக்குப் பிறகு ஊர் பிரிந்துபோனது இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, கிறிஸ்தவர்களின் குடாமாத்தி ஒரு பக்கம், முஸ்லிம்களின் பத்து மேரா ஒரு பக்கம். எனக்கு மலிவாக அறை கிடைத்த இடம் கிறிஸ்தவர் பகுதி. மூன்று வாரம் அங்கிருந்தே மோட்டார் சைக்கிளில் முஸ்லிம் பகுதிக்குப் போய் வந்தேன், ஏன் யாரும் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை என்று புரியவில்லை. ஒரு பெண்தான் கடைசியில் சொன்னார், "நீ யார் வீட்டில் இருக்கிறாய் என்று எல்லாருக்கும் தெரியும், நாங்கள் சொன்னதை ராத்திரி அங்கே போய்ச் சொல்ல மாட்டாய் என்று எப்படி நம்புவது?" கூப்பிடும் முறையிலேயே பக்கம் தெரிந்துவிடும். கிறிஸ்தவ அக்காவை 'உசி' என்றும் முஸ்லிம் அக்காவைச் 'சாச்சா' என்றும் சொல்ல வேண்டும். நான் எல்லாரையும் உசி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அறையைக் காலி செய்து (ஒரு மாத முன்பணம் போனது) இரண்டு பகுதிக்கும் பொதுவான கடைத்தெருப் பக்கம் மாறினேன், ஓட்டுநரும் அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த ஆள் என்று வைத்துக்கொண்டேன். செலவு கூடியது, ஆனால் கதவு திறந்தது.

இன்னொன்று, ஊருக்குள் போனால் முதலில் ராஜாவைப் பார்க்க வேண்டும். ஆமாம், நம் ராஜாதான். மலுக்குவில் பாரம்பரியக் கிராமத்தை 'நெகெரி' என்பார்கள், அதன் தலைவர் 'பாப்பா ராஜா'. மாகாண அலுவலகம் கொடுத்த கடிதத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். கடிதம் அலுவலகத்துக்கு, மரியாதை ராஜாவுக்கு. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, யாரைப் பார்க்கப் போகிறேன் என்று பெயர் சொல்லாமல், என்ன கேட்கப் போகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். ஆனால் அவருக்குத் தெரியாமல் போனால் ஏதாவது நடக்கும்போது உங்களுக்கும், அதைவிட உங்களிடம் பேசியவருக்கும் நிற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது என்பதையும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்கவே கேட்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தொடக்கம் இருக்கிறது, அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் தன் கதையை விட்டுவிட்டுத் தன் பக்கத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அன்று காலை அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டேன். பெருநாள் பலகாரம் என்றார் ஒருவர், பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போகச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன் என்றார் ஒரு கிறிஸ்தவர். அங்கிருந்து அவர்களே போனார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, மிஞ்சினால் ஒன்றேகால். கருவியை நிறுத்தியதும் எழுந்து வந்துவிடக் கூடாது. குறைந்தது அரை மணி நேரம் மீன் விலை, பிள்ளைகள் படிப்பு, ஏதோ ஒன்று பேசிவிட்டு, அவர் சாதாரணமாக மூச்சுவிடுவதைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ராத்திரி அவரோடு வீட்டில் யார் இருப்பார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்றால் அன்றைக்குப் பதிவு வேண்டாம்.

ஊர்ச் சொற்களையும் முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும். சிவப்பு ஆட்கள், வெள்ளை ஆட்கள் என்று சொன்னதைச் சட்டை நிறம் என்று எழுதிவைத்தேன். கலவரத்தில் கிறிஸ்தவர்கள் சிவப்புத் துணியும் முஸ்லிம்கள் வெள்ளைத் துணியும் தலையில் கட்டியதால் வந்த பெயர் அது. 'ஒபெட்' வந்தான், 'ஆச்சாங்' ஓடினான் என்று பலர் சொன்னபோது யாரோ இரண்டு குறிப்பிட்ட ஆட்கள் என்று நினைத்து அவர்கள் பெயரை மறைக்கவே ஒரு நாள் செலவழித்தேன். தொலைக்காட்சியில் வந்த ஒரு சமாதான விளம்பரத்திலிருந்து பரவிய பெயர்கள் அவை, ஒபெட் என்றால் கிறிஸ்தவர்கள், ஆச்சாங் என்றால் முஸ்லிம்கள்.

உயிர் தப்பியவர் என்று நாம் பட்டியலில் எழுதும் ஆள், கை ஓங்கியவராகவும் இருக்கலாம். நாற்பது வயதை நெருங்கிய ஒருவர், பையனாக இருந்தபோது அப்பாவைப் பறிகொடுத்ததைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த வாக்கியத்தில் தான் 'ஆகாஸ்' படையில் சேர்ந்ததையும் சொன்னார். ஆகாஸ் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் வந்து கடிக்கும் சின்னப் பூச்சி, கிறிஸ்தவர் பக்கம் சண்டைக்குப் போன சிறுவர்களுக்கு அந்தப் பெயர். என்ன செய்தார் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. என் ஒப்புதல் தாளில் ரகசியம் காக்கப்படும் என்று எழுதியிருந்தேனே, நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. கொடுக்க முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டேன். இப்போது ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: "நீங்களோ மற்றவரோ செய்த குற்றத்தைப் பெயர், இடம், தேதியோடு சொல்லாதீர்கள், அதைக் காப்பாற்றும் சக்தி எனக்கு இல்லை." சிலர் அதைக் கேட்டு ஏமாற்றமடைந்தார்கள். பரவாயில்லை.

இனி, ஆரம்பத்தில் நான் சொன்ன அந்த அக்கா, அந்தச் சாச்சா. காலையில் நாசி கூனிங் (மஞ்சள் சோறு) விற்பவர். கலவரத்தின்போது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தைத் தன் வீட்டில் இரண்டு ராத்திரி ஒளித்து வைத்திருந்தார். மூன்றாவது நாள் அவர்களைப் படகேற்றி அனுப்பிய பிறகு, அவர்களுடைய வீட்டைக் கொள்ளையடித்து எரித்தது வெளியாட்கள் இல்லை, சாச்சாவின் சந்துப் பையன்கள். ஒருவனைப் பட்டப்பெயரோடு சொன்னார். இருபத்துச் சொச்சம் வருடமாக யாரிடமும் சொன்னதில்லை என்றார், சொல்லும்போது அழவில்லை, குரல் இறங்கிக்கொண்டே போனது. பதிவு முடிந்ததும் என் கையைப் பிடித்து, "இது அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் போகாது அல்லவா?" என்று கேட்டார். போகாது என்றேன். என் முழுக் கவனமும் அதில்தான் இருந்தது, முஸ்லிம்கள் சொன்னது கிறிஸ்தவர்களுக்கும் கிறிஸ்தவர்கள் சொன்னது முஸ்லிம்களுக்கும் போகக் கூடாது. தன் பக்கத்தைப் பற்றி உண்மை சொன்னவருக்கு ஆபத்து தன் பக்கத்திலிருந்துதான் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேட்டு எழுதும் வேலையை நகரத்தில் ஒரு மாணவனிடம் கொடுத்திருந்தேன், ஒரு மணி நேரப் பதிவுக்கு 150,000 ரூபியா. நல்ல பையன், ஒழுங்காகச் செய்தான். கோப்பின் பெயரை 'பெண் 14' என்று மாற்றியிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். குரலை எப்படி மாற்றுவது? அவன் தங்கியிருந்த விடுதி அறையில் காதொலிக் கருவி இல்லாமல் மடிக்கணினி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறான். பக்கத்து அறைப் பையன் சாச்சாவின் சந்தைச் சேர்ந்தவன். குரலையும் தெரிந்துகொண்டான், பட்டப்பெயரையும் தெரிந்துகொண்டான். அந்தப் பட்டப்பெயர்க்காரர் இப்போது ஊரில் பெரிய மனிதர். நாலு நாளில் அவர் சாச்சாவின் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, அடிக்கவில்லை, திட்டவில்லை, "அந்த வெளியூர்ப் பெண்ணிடம் என்ன சொன்னாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து கடைக்கு ஆள் குறைந்தது. சாச்சாவின் மகள் எனக்குச் செய்தி அனுப்பினாள், ஒரே வரி: "அம்மாவின் குரலை அழித்துவிடுங்கள்."

அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. விடிந்ததும் நேரே அந்தப் பெரிய மனிதரிடம் போய் விளக்கம் சொல்லலாம் என்று கிளம்பினேன். நல்ல வேளை, முதலில் பாப்பா ராஜாவிடம் போனேன். அவர் சொன்னார், "போகாதே. நீ விளக்கம் சொன்னால் அவள் சொன்னது உண்மை என்று நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி. பேசாமல் இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." கைகட்டிக்கொண்டு இருப்பது எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து இமாமின் மனைவி காலையில் வந்து அந்தக் கடையில் இரண்டு பொட்டலம் வாங்கிப் போனாராம், அதன் பிறகு மெல்ல மற்றவர்களும் வந்தார்கள். நானாகச் செய்திருந்தால் எதைச் செய்தாலும் கெடுத்திருப்பேன்.

அழிப்பதும் நினைத்த மாதிரிச் சுலபமில்லை. சாச்சா பார்க்க வேண்டும் என்றார், சரிதான், அவர் முன்னால் கருவியிலும் மெமரி கார்டிலும் மடிக்கணினியிலும் வெளி வட்டிலும் அழித்தேன். மாணவனின் கணினியில் நானே உட்கார்ந்து அழித்தேன். பத்து நாள் கழித்து, ஒரு பதிவை என் கைப்பேசிக்கு மாற்றிக் கேட்டிருந்தேன், அது தானாகவே மேகச் சேமிப்பில் ஏறியிருந்தது கண்ணில் பட்டது. அதையும் அழித்துவிட்டு, சொல்லாமல் விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, கடைசியில் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டார். அதே பகுதியில் பேசிய மற்ற எட்டுப் பேரையும் தேடிப்போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி, உங்களுடையதை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். எட்டுப் பேரும் அழிக்கச் சொன்னார்கள். இரண்டு மாத வேலை. கேட்டு எழுதியதற்குக் கொடுத்த பணமும் போனது, பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் நீட்டிப்பு வாங்கக் கட்டணமும் கட்டினேன்.

அதனால் கோப்பு விஷயத்தில் இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கைப்பேசியில் பதிவு செய்வதே இல்லை, இணையத்தோடு சம்பந்தமில்லாத தனிக் கருவி மட்டும். அன்றன்றைக்கே கடவுச்சொல் போட்டுப் பூட்டிய இரண்டு வட்டுகளுக்கு மாற்றிவிட்டு, கார்டைத் துடைத்துவிடுவேன், வட்டுகள் இரண்டும் ஒரே பையில் இருக்காது. பெயர்களும் எண்களும் உள்ள பட்டியல் கணினியில் இல்லை, ஒரு நோட்டில், அதுவும் வேறு ஊரில். கேட்டு எழுதும் வேலையை நானே செய்கிறேன், ஒரு மணி நேரப் பதிவுக்கு எட்டு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும். புரியாத சொல் வந்தால் அந்தச் சொல்லை மட்டும் எழுதி ஊர்க்காரரிடம் கேட்பேன், குரலைக் கொடுப்பதில்லை. வீட்டு வாசல், சந்து, தேவாலயக் கோபுரம், பள்ளிவாசல் மினாரா எதுவும் படம் எடுப்பதில்லை. ஒப்புதல் மூன்று தடவை வாங்குகிறேன்: பதிவுக்கு முன், முடிந்த உடனே, அப்புறம் இரண்டு வாரம் கழித்து எழுதியதை வாசித்துக் காட்டி. பதிவு முடிந்த சூட்டில் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள், இரண்டு வாரம் கழித்துச் சொல்வதுதான் கணக்கு. இதுவரை நாலு பேர் அந்த மூன்றாவது தடவையில் ஒரு பத்தியை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், எல்லாருமே தன் பக்கத்தைப் பற்றிச் சொன்ன பத்தியைத்தான்.

பணம் கொடுக்கலாமா என்று நிறையக் குழம்பினேன். கதைக்குக் காசு என்று ஆகிவிடக் கூடாது, ஆனால் அரை நாள் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கொடுக்காமல் வருவதும் சரியில்லை. சர்க்கரை, காப்பித்தூள், எண்ணெய் என்று இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே பை. ஒரு தடவை ஒரு வீட்டுக்கு மட்டும் பெரிய பை கொடுத்துவிட்டேன், அடுத்த வாரமே மறு பக்கத்தில் அதைச் சொல்லிக் காட்டினார்கள்.

என் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் புகை வாசனை வந்தால் நெஞ்சு படபடத்தது, குப்பை எரிக்கும் புகைதான், இருந்தாலும். ராத்திரி பதிவுகளில் கேட்ட வாக்கியங்கள் என் அம்மாவின் குரலில் கனவில் வந்தன. யாரிடம் சொல்வது, எல்லாமே ரகசியம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. கடைசியில் ஊருக்கு வந்த பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் ஆறு தடவை போனேன், ஒரு தடவைக்கு 180 ரிங்கிட். பெயர், இடம் சொல்லாமல் உங்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்ல முடியும் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். போகும் முன்பே அப்படி ஒருவரை ஏற்பாடு செய்து, அந்தச் செலவையும் ஆய்வுச் செலவில் எழுதிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பதிவு, வாரத்துக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். நான் ஒரு வாரத்தில் ஏழு எடுத்தேன்.

இரண்டாவது பயணம் 2024 அக்டோபரில், மழை விட்ட பிறகு. அந்தத் தடவை வளைகுடாவின் மறு கரையில் இருக்கும் வாயாமேக்குப் போனேன். சுற்றிலும் எரிந்தபோது இரண்டு மதத்தவரும் பிரியாமல் சேர்ந்தே இருந்த ஊர் அது. பத்து முஸ்லிம், பத்து கிறிஸ்தவர் என்று இருபது பேர் கொண்ட குழு ஒன்று, வரும் வதந்தி ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டது. அங்கே ஒருவரிடம், அப்போது எதற்கு அதிகம் பயந்தீர்கள் என்று கேட்டேன். வெளியிலிருந்து வருகிற ஆளுக்கு அவ்வளவு பயப்படவில்லை, எங்கள் ஆள் எங்களைத் துரோகி என்று சொல்வதற்குத்தான் பயந்தோம் என்றார். எனக்குச் சாச்சாவின் ஞாபகம் வந்தது.

திரும்பி வருவதற்கு முன் அவர் கடைக்குப் போனேன். கதையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார். ஆய்வேட்டில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை, இங்கே எழுதியதிலும் அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், அதற்கும் அவர் மகள் மூலம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் எழுதினேன். திருத்திய ஒப்புதல் தாள் இந்தோனேசிய மொழியில் என்னிடம் இருக்கிறது, அங்கே வேலைக்குப் போகிறவர்கள் யாராவது கேட்டால் தருகிறேன்.